புதுப்பிப்பு: கேம் (வால்வைத் திறக்கும் தண்டு) மாற்றிய டொயோட்டா 5ஏ-எஃப்ஈ எஞ்சினுக்கு ரெவ் லிமிட்

இந்த எஞ்சினை எவ்வளவு வேகம்வரை சுற்றவிடலாம் என்பதற்கு முந்திய பதிவில் நிமிடத்துக்கு 7500 சுற்று என்று எழுதியிருந்தேன். அது பிஸ்டன் வேகத்தை மட்டும் பார்த்த கணக்கு: ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒருமுறை ஓடும் தூரம்) 77 மி.மீ., சராசரி செக்கனுக்கு 19.25 மீற்றர். ஆனால் 7000இலிருந்து 7500க்கு ஏற்றினால் கொன்ரொட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) போல்ட்டில் இழுவை 15% கூடும். பழைய போல்ட் என்றால் 7000 போதும்.

அதைவிட முக்கியம் வால்வ் ஸ்பிரிங். வால்வ் முழுதாகத் திறந்திருக்கும்போது (முழு லிஃப்ட்டில்) ஸ்பிரிங்கின் சுருள்களுக்கிடையே மொத்தம் 1 மி.மீ. ஆவது இடைவெளி இருக்கவேண்டும். டைனோவில் (பவர் அளக்கும் கருவி) பவர் கோடு நடுங்கி விழுந்தால் முதலில் பிளக் இடைவெளியைப் பாருங்கள். மிஸ்ஃபயரும் (எரிபொருள் சரியாகப் பற்றாமல் போவது) அப்படித்தான் காட்டும். பிளக் சரியென்றால் வால்வ் மிதக்கிறதாக இருக்கலாம், அதாவது ஸ்பிரிங்கால் வால்வை நேரத்துக்கு மூடமுடியவில்லை. அது தொடங்கும் வேகத்துக்கு 300 சுற்று கீழே லிமிட்டரை வையுங்கள்.

நிலாவெளி வீதி போன்ற பொது வீதியில் சோதிக்கவேண்டாம். உவர்மலை இறக்கத்தில் நாலிலிருந்து தவறி இரண்டாம் கியருக்குப் போட்டால் லிமிட்டர் காப்பாற்றாது. அது பெற்றோலை வெட்டும், சில்லு எஞ்சினைச் சுற்றுவதை அல்ல.