‘வினை’ ஒரே சொல்லா, நாலு சொல்லா?

கேள்வி:
தங்கைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். இலக்கணத்தில் வினை என்றால் வந்தான், ஓடினாள். வேதியியலைத் திறந்தால் வினைபடுபொருள், வினையூக்கி, மீள்வினை. இயற்பியலில் ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு. பாட்டிக்கோ எல்லாமே முன்வினை. “சுவரை அடித்தால் அது பிறகு திருப்பி அடிக்கும், பாட்டி சொல்வதும் அதுதானே?” என்கிறாள். இல்லை என்று தெரிகிறது, எங்கே இல்லை என்று சொல்லத்தான் வரவில்லை.

பதில் 1:
அடிப்படை ஒன்றுதான், செயல். ஒவ்வொரு துறையும் அதில் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது. இலக்கணத்துக்குக் காலம்: வேற்றுமை ஏற்காமல் காலத்தோடு தோன்றுவது வினை என்கிறது தொல்காப்பியம். ‘படர்கொடி’ என்பதற்குள் படர்ந்த, படர்கின்ற, படரும் என மூன்று காலமும் ஒளிந்திருப்பதால்தான் அது வினைத்தொகை. வேதியியலில் பொருளே மாறவேண்டும். இரும்பு துருப்பிடித்தால் வினை, பனிக்கட்டி உருகினால் இல்லை, அது நீராகத்தானே இருக்கிறது. சமய நெறியில் செயலைவிட அது விட்டுப்போகும் பயன்தான் பெரிது. சைவ சித்தாந்தம் அதைச் சேர்த்து வைத்தது, இப்போது அனுபவிப்பது, இனிச் சேர்வது என்று சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியமாகப் பிரிக்கிறது.

பதில் 2:
இயற்பியல் நடத்துகிறேன், இதைத் திருத்தாத வருஷமே இல்லை. ‘ஒவ்வொரு வினைக்கும்’ என்கிற நியூட்டனின் மூன்றாம் விதியில் முன், பின் கிடையாது. உள்ளங்கையைச் சுவரில் வைத்து அழுத்தச் சொல்லுங்கள். அழுத்தும் அதே கணத்தில் உள்ளங்கை அமுங்குகிறதே, அது சுவர் தள்ளுவது. கையை எடுத்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். எதை வினை, எதை எதிர்வினை என்பது நாம் வைக்கும் பெயர், மாற்றி வைத்தாலும் விதி மாறாது. ஒன்று சுவர் மேல், மற்றது கை மேல், அதனால் ஒன்றையொன்று ரத்து செய்வதும் இல்லை. ‘செய்தால் பிறகு வரும்’ என்பது பாட்டியின் வினையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. நான் வகுப்பில் ‘விசை, எதிர்விசை’ என்றே சொல்கிறேன்.

பதில் 3:
பெயரை மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை, புத்தகத்தில் வினை என்றுதானே படிக்கப்போகிறாள்? கூட வரும் சொல்லைப் பார்க்கப் பழக்குங்கள். வினைபுரிந்தது என்றால் வேதியியல், வினை தீர்ந்தது என்றால் சமயம். சங்கப் பாடல்களில் தலைவன் ‘வினைவயின் பிரிந்தான்’ என்று வந்தால் இந்த நாலும் இல்லை, வேலையாகப் போயிருக்கிறான், அவ்வளவுதான்.

கேட்டவர்:
சரி, சுவரில் கையை வைக்கச் சொன்னேன். நன்றாக அழுத்திவிட்டு, வெளுத்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். “அப்போ சுவர் காத்திருக்கவே இல்லை” என்றாள்.