கிராவல் லோடில் வந்த தாழி ஓடு

பாபநாசத்திலிருந்து:

போன வைகாசியில் வீடு கட்ட ஆரம்பித்தோம். பேஸ்மட்டம் நிரப்ப வல்லத்துக்கு மேற்கேயிருந்து கிராவல், அதாவது சரளைச் செம்மண், அடித்தோம். மூன்றாவது லோடைப் பரப்பும்போது மண்வெட்டியில் ணங்கென்று ஒரு ஓடு இடித்தது. விரல் தடிமன். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. விளிம்பைச் சுற்றிக் கயிறு போல விரலால் அழுத்திய பள்ளங்கள். என் சுண்டுவிரல்கூட அதில் முழுதாக உட்காரவில்லை. டிரைவரிடம் காட்டினேன். "தாழி ஓடுண்ணே, அந்த மேட்டுல தோண்டத் தோண்ட வரும்" என்றார்.

மறுநாள் அவரோடு போய்ப் பார்த்தேன். வெட்டிய மண்சுவரில் ஒரு முதுமக்கள் தாழி, செத்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானை, சரிபாதியாக நின்றது. உள்ளே இருந்த மண் மட்டும் வேறு நிறம். மறுபாதி யார் வீட்டுக்கு அடியில் போனதோ, என் வீடாகவும் இருக்கலாம். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

நம் வண்டல் பூமியில் தோண்டினால் களியும் மணலும்தான். 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. நம் வீட்டைக் கொஞ்சம் உயர்த்த, வல்லம், செங்கிப்பட்டிப் பக்கத்துச் செம்மண் மேட்டைக் கரைக்கிறோம். அந்த மேட்டில்தான் அந்தக் காலத்து மக்கள் தங்கள் செத்தவர்களைப் புதைத்திருக்கிறார்கள்.

கும்பகோணத்திலிருந்து, கட்டட மேஸ்திரி:

அண்ணே, போன வருஷம் ஒரு பழைய வீட்டை இடித்துக் கட்டினோம். செங்கல்லில் இருந்த காரையை உதிர்த்து, உப்புப் பிடித்ததைக் கழித்து, மீதியை உடைத்துப் பேஸ்மட்டத்தில் அரையடி அரையடியாகப் போட்டுத் தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினோம். பத்து லோடு கிராவல் பிடிக்கிற இடத்தில் மூன்றே போதுமாக இருந்தது. "இடிஞ்ச வீட்டுக் கல்லு ஆகாது" என்று வீட்டுக்கார அம்மா முதலில் ஒப்பவில்லை. "பழைய தேக்குத் தூணை மட்டும் வெச்சுக்கிறீங்களேம்மா" என்றேன். அப்புறம் சரி என்றார். இல்லையென்றால் அத்தனையும் வாய்க்கால் கரையில் கொட்டியிருப்பார்கள்.

பழைய கான்கிரீட்டை உடைத்த ஜல்லியையும் புதுக் கான்கிரீட்டில் கல் ஜல்லிக்குப் பதிலாகக் கொஞ்சம் போடலாம். ஜல்லிக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 383, 2016-இல் திருத்தியது; எம் 25 என்ற வலிமைத் தரம் வரையிலான கம்பி கான்கிரீட்டில் ஜல்லியில் 20 சதவீதம், கம்பியில்லாததில் 25 சதவீதம், அடியில் போடும் சிமெண்ட் குறைந்த மெலிந்த கான்கிரீட்டில் முழுவதுமே அனுமதிக்கிறது. அரைத்துச் சலித்துத் தர ஆள்தான் எனக்குக் கிடைக்கவில்லை.

பாபநாசத்திலிருந்து மீண்டும்:

மாட்டுக்கொட்டகைக்கு உங்கள் முறைதான், தம்பி. அந்தத் தாழி ஓட்டைத் தாசில்தார் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டேன். வேறு யாருக்காவது லோடில் இப்படி ஓடு வந்தால் கழுவிவிடாதீர்கள். ஒட்டிய மண்ணோடு காகிதத்தில் சுற்றி வையுங்கள். எந்தக் குழியில் அள்ளியது என்று டிரைவர் கிளம்புவதற்குள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.