அத்தையோட வயித்துத் தண்ணி ரிப்போர்ட்டும் ரெண்டு மணி நேர வெயிலும்

லேப் ரிப்போர்ட்டால பயந்த கதைய எல்லாரும் சொல்றீங்க, நானும் சொல்றேன். மேலூர்ல இருக்க எங்க அத்தைக்கு 56 வயசு, போன வருசம் வயிறு பானை மாதிரி உப்பி மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு, மதுரைக்குக் கூட்டியாந்து ஸ்கேன் பாத்தா சினைப்பையில கட்டி, வயித்துல தண்ணி, வலது பக்க நெஞ்சுலயும் தண்ணி. சினைப்பைக் கேன்சர் சந்தேகத்துக்கு ரத்தத்துல பாக்குற சிஏ-125 அளவு 35க்குள்ள இருக்கணுமாம், இவங்களுக்கு 400ஐத் தாண்டிருச்சு. மாமா அன்னைக்கு ராத்திரி சோறு திங்கல.

ஊசி போட்டுத் தண்ணி எடுத்தாங்க, சாத்துக்குடி ஜூஸ் கலர்ல. பாட்டில என் கையில குடுத்து லேப்புக்கு அனுப்புனாங்க, அங்க சாப்பாட்டு நேரம், சித்திரை மாசம், ரெண்டு மணி நேரம் அது ஜன்னலோரத்துலயே காஞ்சுச்சு, யாரும் கண்டுக்கல. ரிப்போர்ட்டுல சஸ்பீஷியஸ்னு, அதாவது கேன்சர் செல்லோன்னு சந்தேகம்னு வந்துருச்சு. அவ்வளவுதான், சொந்தபந்தம் எல்லாம் ஆப்பிள் ஹார்லிக்ஸோட வந்து எறங்கி, ஒரு சின்னம்மா வாசப்படியிலயே ஒப்பாரி வச்சிருச்சு. அத்தை எந்திரிச்சு உக்காந்து, "ஏண்டி, நான் இன்னும் உசுரோடதாண்டி இருக்கேன்"னாங்க.

ரெண்டாவதா பாத்த டாக்டரம்மா திரும்பத் தண்ணி எடுத்து செல் பிளாக் (தண்ணியில இருக்க செல்ல எல்லாம் ஒன்னாச் சேத்து மெழுகுல பதிச்சு, சீவிப் பாக்குறது) போடச் சொன்னாங்க, அதுல கேன்சர் செல் இல்லன்னு வந்துச்சு. கட்டியிலயே ஊசி போட்டுப் பாக்கலாம்லன்னு கேட்டேன், கேன்சரா இருந்தா உள்ள சிந்திப் பரவிரும்னாங்க. ஆபரேசன்ல எடுத்து பயாப்சி பாத்தா ஃபைப்ரோமா, சாதாக் கட்டி. இந்தக் கட்டியோட வயித்துலயும் நெஞ்சுலயும் தண்ணி கோத்து, கட்டிய எடுத்ததும் வத்துனா அது மீக்ஸ் சிண்ட்ரோமாம். அத்தைக்கும் கட்டி போனதும் தண்ணி தானா வத்திருச்சு.

—

அக்கா, நான் சிம்மக்கல் பக்கம் ஒரு லேப்ல ஸ்லைடு போடுறவன். வயித்துச் சுவர்ல மீசோதீலியம்னு ஒரு செல் வரிசை இருக்கு, தண்ணி கோத்தா அது உரிஞ்சு, உப்பி, கொத்துக் கொத்தா மிதக்கும், நியூக்ளியஸும் பெருசாத் தெரியும், அடினோகார்சினோமாங்கற சுரப்பிச் செல் கேன்சர் மாதிரியே ஏமாத்தும். செல் பிளாக்ல செல்ல அடையாளம் காட்டுற சாயம் போடுவோம், கால்ரெட்டினின் சாயம் ஏறி, பெர்-இபி4 சாயம் ஏறலன்னா அது பெரும்பாலும் நம்ம சொந்தச் செல்லுதான். வெயில்ல கெடந்த தண்ணியில செல் சிதைஞ்சிரும், அதப் பாத்துச் சொல்றது பெரிய ரோதனை, உடனே குடுக்க முடியலன்னா ஃபிரிட்ஜ்ல வைக்கணும், ஃப்ரீசர்ல இல்ல. ஆனா ஒன்னுக்கா, தண்ணி சுத்தம்னு வந்தாலும் கேன்சர் இல்லன்னு விட்றக் கூடாது, கட்டிய எடுத்து பயாப்சி பாத்தாத்தான் முடிவு.

—

தம்பி, ஃபிரிட்ஜ் அந்த லேப்ல பாட்டிலுக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு, உள்ள யாரோ தயிர்சாதம் வச்சிருந்தாங்க.