முடக்குவாதமும் பாதப் புண்ணும்: சர்க்கரை நோய்ப் படிவமே போதுமா?

கேள்வி:
எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வுக்காக, மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், ஆர்.ஏ.) உள்ளவர்களில் எத்தனை பேருக்குப் பாதப் புண் இருக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கான பாதப் பரிசோதனைப் படிவத்தையே பயன்படுத்தலாமா? கேள்வித்தாளில் கேட்டுவிட்டால் போதுமா?

பதில் 1:
அப்படியே எடுக்காதீர்கள். அந்தப் படிவம் உணர்ச்சி இழப்பை மையமாக வைத்தது. ஆர்.ஏ.வில் உருமாறிய மூட்டு, மெலிந்த தோல், அதில் உரசும் செருப்பு, இவைதான் பெரும்பாலும் காரணம். வலி நன்றாகத் தெரிந்தும் புண் வரும். 2008இல் வெளியான, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஆர்.ஏ. உள்ளவர்களிடம் நடந்த ஆய்வில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இப்போதோ முன்போ புண் இருந்தது. அதிகம் காணப்பட்ட இடம் மடங்கிய விரல்களின் மேற்புறம். அடுத்து முன்பாத எலும்பு முனைகள், பெருவிரல் மூட்டின் துருத்தல். உள்ளங்காலை மட்டும் காட்டும் படம் வைத்தால் பாதிப் புண்கள் பதிவாகாது. 10 கிராம் மோனோஃபிலமென்ட் சோதனையும் (நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்ப்பது) கணுக்கால்–கை ரத்த அழுத்த விகிதமும் இருக்கட்டும், விகிதம் 0.9க்குக் கீழே போனால் ரத்த ஓட்டக் குறைவு.

பதில் 2:
கேள்வித்தாள் மட்டும் போதாது. கால் ஆணி, வெடிப்பு, கொப்புளம், ஏன் முழங்காலுக்குக் கீழே உள்ள புண்ணைக்கூட "பாதப் புண்" என்று எழுதிவிடுவார்கள். "ஆம்" என்றவர்கள் எல்லாரையும் நேரில் பாருங்கள். "இல்லை" என்றவர்களிலும் ஒரு பகுதியினரைப் பாருங்கள்: இடுப்பும் முழங்காலும் மடங்காதவர் தன் உள்ளங்காலைப் பார்த்தே இருக்க மாட்டார், காய்ப்புக்கு அடியிலும் புண் ஒளிந்திருக்கும். எது புண் என்ற வரையறையை முதலிலேயே எழுதிவிடுங்கள். இப்போதுள்ளது, ஆறியது இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். சர்க்கரை நோயும் உள்ளவர்களை நீக்காமல் தனியாகக் குறியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ரத்தக்குழாய் அழற்சியால் வந்த புண்ணை எப்படிப் பிரித்தறிவது?

பதில் 3:
செருப்பு உரசாத இடத்தில், துளையிட்டதுபோல் விளிம்பு செங்குத்தாக, கடும் வலியோடு, சில நாளில் பெரிதானால் சந்தேகியுங்கள். நகத்தோரக் கரும்புள்ளிகளையும் தேடுங்கள். அது உடனே மூட்டுநோய் மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம், டிரெஸ்ஸிங் மாற்றிப் பார்க்கிற விஷயமில்லை.

மருந்துப் பட்டியலையும் படிவத்தில் சேருங்கள். ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் கிருமித்தொற்று இருந்தும் சிவப்பு, சூடு, காய்ச்சல் குறைவாகத் தெரியலாம். தொற்று என்றால் உயிரியல் மருந்தை (ஆர்.ஏ.வுக்காக நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து) நிறுத்திவைப்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஸ்டீராய்டை யாரும் திடீரென நிறுத்தக் கூடாது. மெலிந்த தோலில் சாதாரண பிளாஸ்திரி ஒட்டினால், பிரிக்கும்போது புதுப் புண் வரும். சிலிகான் ஒட்டுள்ள டிரெஸ்ஸிங் நல்லது. பாதத்தில் எடை விழாமலிருக்க ஊன்றுகோலைச் சர்க்கரை நோயாளிக்குச் சொல்வதுபோல் இவர்களுக்குச் சொல்ல முடியாது, மணிக்கட்டு தாங்காது. விரல்பகுதி அகலமும் ஆழமும் உள்ள காலணிதான் முதல் வழி. அதைத் தானே மாட்ட முடிகிறதா என்பதையும் ஒரு கேள்வியாக வையுங்கள்.