கோடை விடுமுறைக்குக் கோடிங்கா, ரோபோட்டிக்ஸா, இரண்டும் வேண்டாமா?

பனியன் ஊர்க்காரி, திருப்பூர்:
அனைவருக்கும் வணக்கம். மகள் ஐந்தாம் வகுப்பும் மகன் இரண்டாம் வகுப்பும் முடித்திருக்கிறார்கள். நானும் கணவரும் பனியன் நிறுவனங்களில் வேலை பார்க்கிறோம். காலையில் கிளம்பினால் வீடு திரும்ப இருட்டிவிடும். பக்கத்துத் தெருவில் ஒரு மையம் ஒரு மாதக் கோடை வகுப்பு அறிவித்திருக்கிறது. கணினிக்கு நிரல் எழுதும் கோடிங் தனி, ரோபோ செய்யும் ரோபோட்டிக்ஸ் தனி. ரோபோட்டிக்ஸுக்குக் கட்டணம் இரண்டு மடங்கு. எங்களால் ஒருவருக்குத்தான் கட்ட முடியும். விசாரிக்கப் போனபோது அங்கிருந்தவர், "பெண் குழந்தைக்குக் கோடிங் போதும், ரோபோட்டிக்ஸில் பையனைச் சேர்த்துவிடுங்கள்" என்றார். ஓடாத டேபிள் ஃபேனைக் கழற்றி, உள்ளே கம்பிச் சுருள் (காயில்) எப்படிச் சுற்றியிருக்கிறது என்று எனக்குக் காட்டியவள் மகள்தான். மகனுக்கு ஏழு வயதுதான் ஆகிறது. எதில் சேர்க்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நிரலாளர், சரவணம்பட்டி:
அக்கா, இரண்டுக்கும் பணம் கட்டாதீர்கள். மென்பொருள் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த வயதில் வேண்டியது நிரல் எழுதிப் பழகுவது. அது இலவசமாகவே கிடைக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேப் 2007-இல் வெளியிட்ட ஸ்கிராட்ச், 8 முதல் 16 வயது வரையான பிள்ளைகளுக்கென்றே உருவானது. வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் நிரல் தயார், திரையில் இருக்கும் பூனை அதன்படி நடக்கும். மகனின் வயதுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர் இருக்கிறது. கைப்பேசியில் ஸ்கிராட்ச் நிரல் எழுத முடியாது, கணினி வேண்டும். உறவில் யாராவது பிளஸ் டூ படிக்கும்போது வாங்கிய அரசு மடிக்கணினி அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும், கேட்டுப் பாருங்கள். ஸ்கிராட்சின் பழைய பதிப்பு அதில் இணையம் இல்லாமலே ஓடும். ரோபோட்டிக்ஸ் என்று விற்கிறார்களே, அதில் பெரும்பகுதி படத்தைப் பார்த்துத் திருகாணி முடுக்குவதுதான். யோசிக்கும் வேலை முழுவதும் நிரலில் இருக்கிறது.

பட்டறைக்காரர், பீளமேடு:
தம்பி சொல்வதை நான் ஏற்கவில்லை. திரையில் ஒரு பூனை பத்து அடி நடந்தால் பிள்ளைக்கு என்ன தெரியும்? எடை தெரியுமா, உராய்வு தெரியுமா, சூடு தெரியுமா? மோட்டாரும் பம்பும் கிரைண்டரும் செய்து வளர்ந்த ஊர் கோயம்புத்தூர். கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி.டி.நாயுடு பள்ளிப் படிப்பையே முடிக்கவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, பிரித்துப் பூட்டித்தான் இயந்திரம் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் ஓட்டினார். அந்த வழியில் வந்த ஊரில் பிள்ளைகளை மறுபடியும் திரைக்கு முன்னால் உட்கார வைப்பதா? பள்ளிக்கூடம் நடக்கும் மாதங்களில் பார்க்கும் திரை போதும். வகுப்புக்குக் கொட்டும் பணத்துக்கு நல்ல ஸ்க்ரூடிரைவர் செட்டும் மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்றும் வாங்கிக் கொடுத்து, தெரிந்த பட்டறையில் காலை நேரம் உட்காரச் சொல்லுங்கள், அம்மணி. ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்:
ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் பத்து வயதுப் பிள்ளையைப் பட்டறைக்கு அனுப்பச் சொல்வதை நான் கடுமையாக மறுக்கிறேன். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016 திருத்தத்துக்குப் பிறகு, 14 வயது நிரம்பாதவர்களை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. சொந்தக் குடும்பத் தொழிலில் விடுமுறையில் கைகொடுக்கலாம். அதுவும் ஆபத்தில்லாத தொழிலாக இருக்க வேண்டும். "சும்மா பார்க்கத்தானே" என்று அனுப்பிய பிள்ளைகள் ஜூன் மாதம் பள்ளிக்குத் திரும்பாமல் போனதை நான் என் வகுப்பறையில் பார்த்திருக்கிறேன். வீடு வீடாகப் போய் அழைத்து வந்திருக்கிறேன். லேத் ஓடும் இடம் குழந்தைக்கு வகுப்பறை ஆகாது.

என்னைக் கேட்டால் எந்த வகுப்பும் வேண்டாம். அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டுக்கு அனுப்புங்கள். மாரியம்மன் கோயில் பூச்சாட்டுத் திருவிழா நடக்கும் மாதம் அது. கம்பம் நட்டு ஆடுவார்கள். ஊருக்கு ஊர் வள்ளி கும்மி ஆட்டம் பழக்குகிறார்கள், சிறு பெண்கள் நிறையப் பேர் ஆடுகிறார்கள். அந்தக் கும்மியைப் பல்லாண்டுகளாகக் கற்றுக்கொடுத்த மேட்டுப்பாளையம் பக்கத்து ஆசான் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கோடிங்கைப் பிறகும் கற்கலாம். 2020 தேசியக் கல்விக் கொள்கைகூடக் கோடிங்கை நடுநிலை வகுப்புகளில்தான் வைத்திருக்கிறது. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை என்பது தனிப் பேச்சு. ஆறு வயதிலேயே தொடங்காவிட்டால் வாழ்க்கை போயிற்று என்று பெற்றோரைப் பயமுறுத்துவது வியாபாரம்.

பட்டறைக்காரர், பீளமேடு:
வேலைக்கு வைக்கச் சொல்லவில்லை, டீச்சர். கூட உட்கார்ந்து பார்ப்பதைச் சொன்னேன். ஓடாத மோட்டாரைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்வதில் என்ன ஆபத்து? மின்சாரமே கிடையாதே.

ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்:
அப்படியானால் அந்த ஓடாத மோட்டாரை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள், ஐயா. பிள்ளை பட்டறைக்கு வர வேண்டியதில்லை.

ரோபோட்டிக்ஸ் பயிற்றுநர், ஈரோடு:
நான் இந்த வகுப்பை நடத்துகிறவன், அதை மறைக்கவில்லை. என் வருமானம் இதில்தான். அதைக் கணக்கில் வைத்தே நான் சொல்வதை எடைபோடுங்கள்.

நிரலாளர் தம்பி "திருகாணி முடுக்குவது" என்றார். என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். கறுப்பு டேப் ஒட்டிய பாதையில் தானாகப் போகும் வண்டி செய்தோம். அடியில் இருக்கும் அகச்சிவப்பு சென்சார் (உணரி) கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பும்; வெள்ளைத் தரை அதைத் திருப்பி அனுப்பும், கறுப்பு டேப் விழுங்கிவிடும். அந்த வேறுபாட்டை வைத்து வண்டி திரும்ப வேண்டும். காலையில் எல்லா வண்டிகளும் ஒழுங்காக ஓடின. மதியத்துக்கு மேல் ஒரு வளைவில் மட்டும் ஒன்று விடாமல் பாதை தவறின. பையன்கள் சக்கரத்தைக் கழற்றினார்கள், நிரலில் எண்களை மாற்றினார்கள். நான் வாய் திறக்கவில்லை. ஒரு சிறுமி வண்டியின் பக்கத்தில் உள்ளங்கையைக் குடை போலக் கவித்தாள். சென்சாரின் சின்ன விளக்கு அணைந்து எரிந்தது. கையை எடுத்தாள், மறுபடி கவித்தாள். பிறகு எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். மேற்கு வெயில் அந்த வளைவில் விழுந்துகொண்டிருந்தது. சூரிய ஒளியிலும் அகச்சிவப்புக் கதிர் இருக்கிறதே. அடுத்த நாள் அட்டையை வெட்டிச் சென்சாருக்கு மறைப்புக் கட்டிக்கொண்டு வந்தாள். ஸ்கிராட்ச் பூனைக்கு மேற்கு வெயில் கிடையாது, தம்பி.

அதோடு, கோடிங் வேறு ரோபோட்டிக்ஸ் வேறு என்று பிரித்ததே கடைக்காரர்கள். குழந்தைகளுக்கான லோகோ மொழி 1967-இல் பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான எம்.ஐ.டி. பேராசிரியர் செய்மூர் பேப்பர்ட்டும் அவருடன் இருந்தவர்களும் அந்த மொழிக்குக் கட்டுப்பட்டுத் தரையில் ஊர்ந்து கோடு போடும் ஆமை ரோபோவைச் செய்தார்கள். ஸ்கிராட்ச் அந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

நிரலாளர், சரவணம்பட்டி:
அண்ணா, அந்தச் சிறுமியின் கதைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் நீங்கள் வாய் திறக்காமல் காத்திருந்ததால்தான் அது நடந்தது. எத்தனை மையங்களில் அந்தப் பொறுமை இருக்கிறது? நான் போய்ப் பார்த்த ஒரு மையத்தில், வண்டி நின்றவுடன் பயிற்றுநர் ஓடிவந்து தானே வயரை மாற்றிச் செருகினார். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு கிட், அதாவது ரோபோ பாகங்கள் அடங்கிய பெட்டி. ஒருவன் கையில் வைத்திருக்க, நால்வர் வேடிக்கை. கடைசி நாளில் வீடியோ எடுத்துப் பெற்றோருக்கு அனுப்பிவிட்டு, கிட்டைப் பிரித்து அடுத்த தொகுதிக்கு எடுத்து வைத்துவிட்டார்கள். பிள்ளை வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறது. ஸ்கிராட்சில் செய்தது என்றும் அவளுடையது. நாளைக்கும் திறந்து மாற்றலாம். நாயுடு அவர்களின் கதையை ஐயா சொன்னார். அந்த மோட்டார் சைக்கிள் அவர் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய சொந்த வண்டி; அதனால்தான் பிரிக்க முடிந்தது. வாடகைக் கிட்டை எந்தப் பிள்ளை துணிந்து பிரிக்கும்?

தோப்புக்காரன், பொள்ளாச்சி:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன் போன கோடையில் தென்னந்தோப்புக்கு ஈரப்பதம் பார்க்கும் கருவி ஒன்று செய்தான். ஆர்டுயினோ என்னும் நிரல் ஏற்றக்கூடிய சிறு மின்னணுப் பலகை, மண்ணில் குத்தும் இரண்டு கால் சென்சார், ஒரு சிறு விளக்கு, அவ்வளவுதான். மோட்டார் பக்கம் போகவே கூடாது என்று அவனுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஸ்டார்ட்டர் பெட்டியில் ஓடுவது மூன்று ஃபேஸ் மின்சாரம், தொட்டால் ஆபத்து. மண் காய்ந்தால் விளக்கு எரிய வேண்டும். முதலில் நன்றாக எரிந்தது. சில நாட்களில், தண்ணீர் பாய்ச்சிய பிறகும் "காய்ந்திருக்கிறது" என்றே காட்டத் தொடங்கியது. பிடுங்கிப் பார்த்தால் ஒரு கால் பச்சை பூத்து அரித்துப் போயிருந்தது. ஈர மண்ணில் மின்சாரம் இடைவிடாமல் ஒரே திசையில் ஓடினால் உலோகம் கரையும் என்று அவனுடைய அறிவியல் ஆசிரியர் விளக்கினார். புதுச் சென்சார் வாங்கிய பிறகு அவன் கம்பியைத் தொடவில்லை, நிரலை மாற்றினான். அளக்கும் நொடியில் மட்டும் சென்சாருக்கு மின்சாரம் கொடுத்து, உடனே நிறுத்தும்படி எழுதினான். அதன் பிறகு அரிப்பு வெகுவாகக் குறைந்தது.

அதனால் பீளமேட்டு ஐயாவுக்கும் சரவணம்பட்டித் தம்பிக்கும் நடக்கும் வழக்கில் என்னால் ஒரு பக்கம் நிற்க முடியவில்லை. கெட்டது உலோகம், அதற்கு மருந்து நிரலில் இருந்தது. ஆனால் ஒன்று, அவன் இதைச் செய்தது பதிமூன்று வயதில். ஏழு வயதில் சேர்த்திருந்தால் பணம்தான் போயிருக்கும்.

பனியன் ஊர்க்காரி, திருப்பூர்:
எல்லோருக்கும் நன்றி. ஆனால் என் வீட்டு நிலையையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இலவசமாக ஸ்கிராட்ச் இருக்கிறது, சரி. பக்கத்தில் உட்கார்ந்து "இங்கே ஏன் நிற்கிறது, பார்" என்று சொல்ல வீட்டில் யார் இருக்கிறார்கள்? அம்மாயி தாராபுரம் பக்கத்தில் இருக்கிறார். முழங்கால் வலியோடு இரண்டு பிள்ளைகளையும் மேய்க்க அவரால் முடியாது, மகனை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்கிறார். சீசன் நேரத்தில் ஷிப்டு முடிந்து நாங்கள் வரும்வரை பூட்டிய வீட்டில் பத்து வயதுப் பெண் கைப்பேசியோடு தனியாக இருப்பாள். எனக்கு வகுப்பு என்பது பாடம் மட்டும் இல்லை, அவள் பத்திரமாக இருக்கும் இடமும்தான். வசதி உள்ளவர்கள் "எதுவும் வேண்டாம், விளையாட விடுங்கள்" என்று சொல்லும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. எங்கே விளையாட விடுவது? எங்கள் தெருவில் நாளெல்லாம் சரக்கு வண்டி ஓடுகிறது.

ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்:
நீங்கள் சொல்வது மிகவும் நியாயம், அம்மா. அந்த நிலையில் வகுப்பு வேண்டும். அப்படியானால் மகளைத்தான் சேர்க்க வேண்டும், ரோபோட்டிக்ஸில்தான் சேர்க்க வேண்டும். "பெண் குழந்தைக்குக் கோடிங் போதும்" என்று சொன்ன மையத்தில் மட்டும் சேர்க்காதீர்கள். முதல் நாளே அவள் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை வாங்கி ஒரு பையனிடம் கொடுத்துவிடுவார்கள்.

இன்னொன்று. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு 2022 முதல் வானவில் மன்றம் நடக்கிறது, பிள்ளைகளே கையால் சோதனை செய்து பார்க்கிறார்கள். மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் கிடைத்த பள்ளிகளும் நம் பக்கம் இருக்கின்றன. 6 முதல் 12 வரை படிப்பவர்களுக்கான ஆய்வகம் அது, ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. ஆர்டுயினோ, சென்சார், 3டி பிரின்டர் எல்லாம் இருக்கும். கோடையில் அந்த அறை பூட்டிக் கிடக்கிறது. ஜூனில் மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். சேரப்போகும் பள்ளியில் இது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அடுத்த விடுமுறைக்குத் திறந்து வைக்கச் சொல்லிப் பெற்றோர் பத்துப் பேர் சேர்ந்து தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். எங்கள் பள்ளியில் நானே சாவி வாங்கித் திறக்கத் தயார்.

நிரலாளர், சரவணம்பட்டி:
அக்கா, தனியாக இருக்கும் பிள்ளை என்னும்போது என் பதிலும் மாறும். வகுப்பில் சேருங்கள். ஆனால் கட்டணம் கட்டுவதற்கு முன் மகளை டிங்கர்கேட் தளத்தில் சர்க்யூட் பகுதியை ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க விடுங்கள். இலவசம்தான். திரையிலேயே ஆர்டுயினோவுக்கு விளக்கும் மோட்டாரும் இணைத்து ஓட்டலாம், எதுவும் புகையாது. அதில் அவளுக்கு ஒரு மணி நேரம் கழிந்தது தெரியாமல் போனால், இரண்டு மடங்குக் கட்டணமும் தகும்.

ரோபோட்டிக்ஸ் பயிற்றுநர், ஈரோடு:
சகோதரி, மையத்தில் கேட்க வேண்டியதை இந்தத் தொழிலில் இருப்பவனாகவே சொல்கிறேன். ஒரு கிட்டுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். இரண்டுக்கு மேல் என்றால் வேண்டாம். கிட் பிள்ளைக்கே சொந்தமா, திருப்பி வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். பத்து நாட்களில் பதினைந்து ரோபோ என்று சொன்னால் வெளியே வந்துவிடுங்கள். ஒன்றுகூடப் பிள்ளை செய்ததாக இருக்காது. முடிந்தால் நடந்துகொண்டிருக்கும் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து, ஒரு வண்டி நின்றுபோகும்போது யார் கை முதலில் நீள்கிறது என்று பாருங்கள்.

பட்டறைக்காரர், பீளமேடு:
நான் சொன்னதிலிருந்து மாறவில்லை. கையில் பிடித்துக் கற்றால்தான் படிப்பு. மகளைத்தான் சேர்க்க வேண்டும் என்பதில் டீச்சரோடு ஒத்துப்போகிறேன். காயில் எரிந்த அரை எச்.பி. மோட்டார் ஒன்று கிடக்கிறது, கனமில்லாத பாகங்களை மட்டும் கழற்றி பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். ஸ்டேட்டரில், அதாவது மோட்டாரின் சுழலாத பாகத்தில், சுற்று எத்தனை என்று அவளே எண்ணிச் சொல்லட்டும்.

பனியன் ஊர்க்காரி, திருப்பூர்:
ஐயா, அனுப்புங்கள், அவள் குதிப்பாள். பக்கத்துத் தெரு மையத்தில் இன்று மாலை கேட்டுவிட்டேன்: நான்கு பேருக்கு ஒரு கிட், திருப்பி வாங்கிக்கொள்வார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவிநாசி சாலைப் பக்கம் இன்னொரு வகுப்பில் இரண்டு பேருக்கு ஒன்று, கூடுதல் பணம் கொடுத்தால் கிட்டை வீட்டுக்கே தருகிறார்கள். திங்கட்கிழமை போய் உட்கார்ந்து பார்க்கப் போகிறேன். மகன் அம்மாயி வீட்டுக்குப் போகிறான். கிட் வீட்டுக்கு வந்தால் நாங்கள் இல்லாத நேரத்தில் அவள் தனியாக வைத்து ஓட்டலாமா?

ரோபோட்டிக்ஸ் பயிற்றுநர், ஈரோடு:
ஓட்டலாம், பேட்டரியை மட்டும் பாருங்கள். சில கிட்களில் உருளை லித்தியம் பேட்டரி வருகிறது. வயர் தவறிச் சேர்ந்தால் சூடேறித் தீப்பிடிக்கும். அதை எடுத்து வைத்துவிட்டு, நான்கு பென்சில் பேட்டரி போடும் பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். சிறு வண்டிக்கு அந்த 6 வோல்ட் போதும். சுவர் பிளக்கில் செருகும் எதையும் நீங்கள் வீட்டில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள்.