கையெழுத்தை வெட்டாதீர்கள்

குழு: கொழிஞ்சாம்பாறை சொந்தங்கள்

சூலூர் அண்ணன்: (படம்) காலையிலிருந்து எல்லாக் குழுவிலும் இதுதான் சுற்றுகிறது. ஊரே கழுத்தளவு தண்ணீரில், நாற்காலி மட்டும் மேஜை மேல். மாமா, எப்படி இருக்கிறது?

கார்ட்டூன் மாமா: நல்ல படம் மாப்பிள்ளை. வசனமே இல்லாமல் சொல்லியிருக்கிறார். யார் வரைந்தது?

சூலூர் அண்ணன்: தெரியவில்லை மாமா, ஃபார்வர்டில் வந்தது.

கார்ட்டூன் மாமா: வலது மூலையைப் பெரிதாக்கிப் பார். மேஜைக் கால் பாதியில் நிற்கிறது, பக்கத்தில் கறுப்பாக ஒரு வளைவு தெரிகிறதா? அது கையெழுத்தின் தலை. மீதியை யாரோ வெட்டிவிட்டார்கள்.

வேலந்தாவளம் சித்தி: விஷயம் புரிந்தால் போதாதா அண்ணா, பேர் எதுக்கு?

கார்ட்டூன் மாமா: போதாது தங்கச்சி. நெருக்கடி நிலை சமயத்தில், 1975 டிசம்பரில், மாவேலிக்கரைக்காரர், கார்ட்டூனிஸ்ட் அபு ஆபிரகாம் ஒரு படம் போட்டார். ஜனாதிபதி குளியல் தொட்டியில் உட்கார்ந்தபடியே அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டுகிறார், இன்னும் ஏதாவது இருந்தால் காத்திருக்கச் சொல் என்கிறார், அவ்வளவுதான். தணிக்கை இருந்த காலத்தில் அபு என்று தன் பெயரைப் போட்டு இந்தியன் எக்ஸ்பிரஸில் வந்த படம் அது. அந்தப் பெயரை வெட்டினால் அந்த மனுஷன் காட்டிய தைரியத்தையே வெட்டின மாதிரி.

நான்: மாமா, விகடன் ஆசிரியர் ஜெயிலுக்குப் போனதும் கார்ட்டூனுக்காகத்தானே?

கார்ட்டூன் மாமா: ஆமாம் கண்ணு, 1987-இல். எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் கிண்டல் செய்த அட்டைப்படம். சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் என்றது. வரைந்தவரைக் கைகாட்டிவிடாமல் ஆசிரியர் பாலசுப்ரமணியனே உள்ளே போனார். நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் விட்டார்கள். பிறகு வழக்குப் போட்டு நஷ்டஈடாக 1,000 ரூபாய் வாங்கி, அதை ஃபிரேம் போட்டு மாட்டிவைத்தார்.

சூலூர் அண்ணன்: 2025 பிப்ரவரியில் விகடன் தளமே திறக்காமல் போனதே?

கார்ட்டூன் மாமா: இந்தியர்களை அமெரிக்கா விலங்கிட்டுத் திருப்பி அனுப்பிய நேரம். டிரம்ப் பக்கத்தில் பிரதமர் விலங்கோடு உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு படம், அதற்காக முழுத் தளத்தையும் முடக்கினார்கள். மார்ச்சில் உயர் நீதிமன்றம் தளத்தைத் திறந்துவிடச் சொன்னது, அந்தப் படத்தை மட்டும் தற்காலிகமாக எடுக்கச் சொல்லி. ஒரு படத்துக்கு ஒரு பத்திரிகையையே பூட்டுவது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

வேலந்தாவளம் சித்தி: இப்போது வரைகிறவர்கள் எல்லாம் அப்படியா அண்ணா? பாதிப் படம் பார்க்கவே கூசுகிறது.

கார்ட்டூன் மாமா: அது நிஜம். தொப்பையையும் நிறத்தையும் பல்லையும் பெரிதாக்கினால் கார்ட்டூன் ஆகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள், பெண் அரசியல்வாதி என்றால் இன்னும் மோசம். அந்த ஆள் என்ன செய்தார் என்பது படத்தில் எங்கேயும் இருக்காது. நம்ம பாலக்காட்டு ஓ.வி. விஜயன் படங்களைத் தஸ்ராக் கிராமத்தில் இருக்கும் அவர் நினைவகத்தில் வைத்திருக்கிறார்கள், ஒரு நாள் எல்லோரும் போய் நிதானமாகப் பாருங்கள். சங்கர், அபு, விஜயன், ஒற்றப்பாலம் குட்டி, நாலு பேரும் இந்தக் கேரள மண்ணிலிருந்து டெல்லிக்குப் போய் ஆட்சியில் இருந்தவர்களைத்தான் வரைந்தார்கள், அகப்பட்டவனை அல்ல.

நான்: உங்களை யாராவது பேர் போடாதே என்று சொல்லியிருக்கிறார்களா மாமா?

கார்ட்டூன் மாமா: ஒரு பத்திரிகையில் சொன்னார்கள். படம் வரட்டும், பெயர் மட்டும் வேண்டாம், பிரச்சினை வரும் என்று. இரண்டு ராத்திரி இந்தியன் இங்க்கில் நிப்பு போட்டு வரைந்தது, மை காய்வதற்குள் கைபட்டு ஓரம் இழுகி, மறுபடியும் முதலிலிருந்து வரைந்தேன். சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். இன்னும் பரணில் இருக்கிறது.

சூலூர் அண்ணன்: மாமா, முழுப் படம் கிடைத்துவிட்டது. (படம்) முதலில் போட்டதை அழித்துவிட்டேன், ஆபீஸ் குழுவிலும் மாற்றிவிட்டேன். ஆனால் கையெழுத்து மலையாளத்தில் இருக்கிறது, எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

வேலந்தாவளம் சித்தி: இரு, கண்ணாடி எடுத்துக்கொண்டு வருகிறேன். நான் வாசித்துச் சொல்கிறேன்.