இழை: நலக்கல்வி மதிப்பீட்டில் "பார்த்துக் குறித்தல்" – என்ன சொல்?

அன்பர்களுக்கு வணக்கம்.

சமூக நலக்கல்வித் திட்டங்களை மதிப்பிடுவோருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். "பிள்ளைக்கு ஊட்டுமுன் கை கழுவுகிறீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஆம் என்றுதான் பதில் வரும். அதனால் வீட்டில் ஓரமாக உட்கார்ந்து, சோப்பைத் தொட்டார்களா, விரலிடுக்கைத் தேய்த்தார்களா என்று பார்த்துக் குறிக்கும் முறைக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. முதல் வரைவில் "கண்காணிப்பு" என்று போட்டிருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டாலே தாய்மார் விறைத்துப்போவார்கள், பணியாளரும் அதிகாரியாகிவிடுவார். தவிர, திட்டம் குறித்தபடி நடக்கிறதா என்று தொடர்ந்து பார்ப்பதற்கு அந்தச் சொல் தேவைப்படுகிறது. உற்றுநோக்கல், அவதானிப்பு, கூர்நோக்கு: எது?

– மொழிபெயர்ப்பாளர்

*

"நோக்கு" ஒன்றே போதும். தொல்காப்பியர் அதைச் செய்யுள் உறுப்பாகவே வைத்தார். கண்ணில் பட்டதைப் பார்ப்பது நோக்காகாது. "உற்று" சேர்ந்தால் இன்னும் சிறப்பு. உறு என்றால் பொருந்து. உறவும் உற்றாரும் அந்த வேரில் வந்தவை. பார்ப்பவர் அந்த வீட்டாரோடு பொருந்தி நிற்பதையே அச்சொல் காட்டுகிறது. அவதானம் வடசொல். கையிருப்பில் நல்ல சொல் இருக்கக் கடன் எதற்கு?

– தமிழாசிரியர்

*

ஐயா, ஈழத்தில் அறிவியல் பாடத்தில் "அவதானம்" எழுதித்தான் பிள்ளைகள் வளருகிறார்கள். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரின் பட்டத்தையும் திருத்துவோமா? ஒரே நேரத்தில் பலவற்றில் மனம் வைப்பதுதானே அவதானம். சோப்பு, தண்ணீர், தாயின் முகம், அழும் குழந்தை எல்லாவற்றையும் ஒருசேரக் கவனிக்க வேண்டிய வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

– ஈழத்து ஆசிரியை

*

அம்மா, உங்கள் ஊர்ப் பேச்சில் "அவதானமாய்ப் போ" என்றால் எச்சரிக்கை அல்லவா? அந்த நிழல் விழுமே.

– தமிழாசிரியர்

*

கள மதிப்பீட்டில் இருக்கிறேன். கூர்நோக்கைக் கைவிடுங்கள், குற்றம் சாட்டப்பட்ட சிறாரை வைக்கும் கூர்நோக்கு இல்லம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

என்னைக் கேட்டால் இதைவிட அவசரம் இன்னொரு சொல். நாம் பார்க்கிறோம் என்பதாலேயே அன்றைக்கு நன்றாகக் கழுவுகிறார்களே, அதற்கு என்ன பெயர்? 1920களில் அமெரிக்காவின் ஹாதோர்ன் தொழிற்சாலையில் தொடங்கிய ஆய்வுகளை வைத்து, பின்னால் "ஹாதோர்ன் விளைவு" என்று பெயரிட்டார்கள். களப்பணியாளருக்கு அந்தப் பெயர் எதையும் சொல்லாது. "பார்வையால் மாறுதல்" என்று நேரே எழுதினால், முதல் வருகையின் குறிப்பை ஏன் கணக்கில் சேர்க்காமல் விடச் சொல்கிறோம் என்பது விளங்கிவிடும். இருவர் ஒரே நிகழ்வைத் தனித்தனியே குறித்து ஒப்பிடுவதற்கு "நோக்கர் உடன்பாடு" என்று வைக்கலாம்.

– களப்பணியாளர்

*

"பார்வையால் மாறுதல்" சொற்றொடர்; கலைச்சொல் ஆகாது. "நோக்குறு திரிபு" என்று சுருக்கலாமே?

– தமிழாசிரியர்

*

ஐயா, திரிபு என்றால் தாய் ஏமாற்றினாள் என்று ஆகிவிடும். அவர் கூச்சத்தில் ஒழுங்காகச் செய்கிறார், அவ்வளவுதான்.

– களப்பணியாளர்

*

நேரமில்லை. தமிழாசிரியர் சொன்னபடி "உற்றுநோக்கல்" போடுகிறேன். சொல்லடைவில் "அவதானிப்பு" பக்கத்திலேயே இருக்கும். "பார்வையால் மாறுதல்" அப்படியே போகிறது. கையில் எடுத்துப்போகும் தாளுக்கு "சரிபார்ப்புப் பட்டியல்" என்றிருப்பதும் தணிக்கை போலத்தான் ஒலிக்கிறது. "குறிப்புத்தாள்" என்று மாற்றலாமா? நாளை மாலைக்குள் சொல்லுங்கள்.

– மொழிபெயர்ப்பாளர்

*

சொல்லடைவில் மட்டும் என்றால் எனக்குச் சம்மதமில்லை. எங்கள் பணியாளர் கைக்கும் இந்தக் கையேடு வரும். அத்தியாயத் தலைப்பிலேயே இரண்டும் இருக்கட்டும்.

– ஈழத்து ஆசிரியை